பாய்மரத்தின் உச்சியும் கீழே நிற்பவரின் கையும்

 

ஆண்டறிக்கை மலரில் நாம் எழுதும் வரலாற்றுக் கட்டுரை பெரும்பாலும் நாடுகளையும் நூல்களையும் அறிஞர் பெருமக்களையும் பற்றியதாக அமைவது வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சற்று வேறானது. பாய்க்கப்பலின் மரத்தில், அதிலும் சிறிய பாய்ப்படகின் மரத்தில், மனிதன் எவ்வாறு ஏறினான், ஏறியவன் எவ்வாறு உயிரோடு இறங்கக் கற்றுக்கொண்டான் என்பதே அது. கடலோடிகளுக்குரிய இச்செய்தி பள்ளிவாசல் மலருக்கு எதற்கு என வினவும் அன்பர்கள், பின்வரும் நிகழ்ச்சியை முதலில் படிக்குமாறு வேண்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஷஃபான் மாதத்தின் கடைசி வாரத்தில், ரமழானை முன்னிட்டு ஒரு பள்ளிவாசலின் மினாராவுக்கு வெள்ளையடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. நாமும் நால்வரும் கீழே ஹவுழின் ஓரத்தில் நின்று தராவீஹ் தொழுகைக்கான ஏற்பாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மேலே இருந்த தொழிலாளி தம் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனையை ஒலிபெருக்கி மாட்டியிருந்த இரும்புக் குழாயில் கட்டியிருந்தார். அவர் சற்றே சாய்ந்தபோது குழாய் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டது. சுண்ணாம்பு வாளி எங்கள் காலடியில் வந்து விழுந்தது. அவர் மினாராவின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அல்லாஹ்வின் அருளால் உயிர் தப்பினார்.

துபையில் பாய்ப்படகுகள் நிற்கும் துறை ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் அப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். நடந்ததை அறிந்து மறுநாள் நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், நான் வேலை பார்க்கும் இடத்தில் யாராவது இப்படிப் பாய்மரத்தில் ஏறினால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். ஏறினவரை மட்டுமில்லை, கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தவரையும்தான்” என்றார்.

அச்சொல் நம் உள்ளத்தில் தைத்தது. அதன்பின் அவரிடம் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் நாம் அறிந்துகொண்டவற்றையே ஈண்டு எழுதுகிறோம்.

மாலுமியும் முஅல்லிமும்

கப்பற்கலையைப் பற்றிப் பேசும்போது நாம் அறியாமலேயே அரபுச் சொற்களைப் பேசுகிறோம். மாலுமி என்னும் தமிழ்ச்சொல் ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. கற்பிப்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். விண்மீன்களையும் கடலின் ஆழ மேடுகளையும் அறிந்து கப்பலுக்கு வழிகாட்டியவரையும், மத்ரஸாவில் பாடம் சொல்லித் தருபவரையும் அரபு மொழி ஒரே பெயரால் அழைத்தது. கப்பலைத் திருப்பும் சுக்கானும் அரபுச் சொல்லே. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய ஊர்களின் மரக்காயர்கள் இச்சொற்களோடு கடலில் வாழ்ந்தவர்கள். தூத்துக்குடித் தோணிகள் பாய்விரித்துக் கொழும்புக்குச் சென்றதைக் கண்ணால் கண்ட முதியவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

முகலாயப் பேரரசர் அக்பரின் அமைச்சர் அபுல் ஃபஸ்ல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ‘ஆயினே அக்பரி’ என்னும் நூல், பெரிய கப்பல்களில் பணிபுரிவோரைப் பன்னிரண்டு வகையினராகப் பிரித்துக் கூறுகிறது. கப்பலுக்கு உரியவர் அல்லது தலைவராகிய நாகுதா, வழிகாட்டும் முஅல்லிம், கப்பலோட்டிகளின் தலைவராகிய தண்டேல், சுக்கானைப் பிடிப்பவர் என அவ்வரிசை நீள்கிறது. அவர்களுள் ஒருவர் ‘பஞ்சரி’ எனப்பட்டார். பாய்மரத்தின் உச்சியிலிருந்து கடலை நோக்குவதே அவருடைய வேலை. கரை தென்பட்டாலும், வேறு கப்பல் தோன்றினாலும், புயல் எழுந்தாலும் முதலில் குரல் கொடுக்க வேண்டியவர் அவரே. தொலைநோக்கியும் வானொலியும் இல்லாத காலத்தில் ஒரு கப்பலிலுள்ள எல்லாருடைய உயிரும் உச்சியிலிருந்த அந்த ஒருவரின் கண்ணை நம்பியிருந்தது எனலாம்.

அவர் எப்படி ஏறினார்? அரபுக் கடலின் பாய்க்கப்பல்களைப் பொறுத்தவரை இதற்கு நேரில் கண்ட சாட்சி உண்டு. ஆஸ்திரேலியரான ஆலன் வில்லியர்ஸ் என்பவர் 1938ஆம் ஆண்டின் இறுதியில் ஏடனில் ஒரு குவைத் நாட்டுப் பாய்க்கப்பலில் ஏறி, ஸன்ஸிபார் வரை சென்று 1939இல் குவைத்துக்குத் திரும்பினார். ஐரோப்பியரின் பெரும் பாய்க்கப்பல்களில் பயின்றவர் அவர். அரபு மாலுமிகள் கயிற்றேணி எதுவுமின்றி, வெறுங்காலுடன், கயிறுகளையும் பாயைத் தாங்கும் நீண்ட குறுக்குமரத்தையும் பற்றிக்கொண்டே உயரே சென்று வேலை செய்ததை வியப்புடன் எழுதினார். தென்னை ஏறும் கைகளையும் கால்களையும் அறிந்த நமக்கு அது விளங்கும். ஆயினும் வழுக்கிய காலுக்கு அங்கே மாற்று இல்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

கயிற்றேணியின் காலம்

ஐரோப்பியரின் பெரும் கப்பல்கள் வேறொரு வழியைக் கண்டன. பாய்மரம் சாயாதிருக்க அதன் இருபுறமும் தடித்த கயிறுகளை இழுத்துக் கப்பலின் விளிம்பில் கட்டுவர். அக்கயிறுகளுக்குக் குறுக்கே மெல்லிய கயிறுகளைப் படிபோல் முடிந்தபோது, பாய்மரத்தைத் தாங்கிய கயிறே ஏணியாகவும் ஆயிற்று. 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் ஈடுபட்ட ‘விக்டரி’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் நடுமரம் அறுபது மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றது. அக்கப்பலில் இருந்த கயிறுகளின் மொத்த நீளம் நாற்பது கிலோமீட்டரைத் தாண்டியது. அதன் பணியாளர்கள் இரவிலும் மழையிலும் அந்த ஏணிகளில் ஏறி இறங்கினர்.

அவர்களுக்கு எந்தக் கயிறும் இடுப்பில் கட்டப்படவில்லை. அனுபவம் மட்டுமே அவர்களுக்குச் சில விதிகளைக் கற்றுத்தந்தது. காற்று வரும் பக்கமாகவே ஏறவேண்டும். அப்போது காற்று மனிதனை ஏணியோடு சேர்த்து அழுத்தும். மறுபக்கம் ஏறினால் அதே காற்று அவனை வெளியே தள்ளும். கால் வைப்பது குறுக்குக் கயிற்றில், கை பிடிப்பதோ நெடுங்கயிற்றில். குறுக்குக் கயிறு மெலிந்தது, நைந்து அறுந்துவிடக்கூடும். கால் ஒன்று இறங்கினாலும் கை நிலைத்திருந்தால் உயிர் பிழைக்கலாம். ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை தனக்கு என்பது அவர்களிடையே வழங்கிய முதுமொழி. மரத்தின் பாதி உயரத்தில் ஒரு மேடை இருக்கும். அதை அடைய வெளிப்புறமாகச் சாய்ந்து தொங்கி ஏறும் வழியொன்று உண்டு. மேடையின் நடுவிலுள்ள துளை வழியாக எளிதாக நுழையும் வழியும் உண்டு. துளை வழியாகச் செல்பவனைக் கோழை என்று மற்றவர் எள்ளினர். பாதுகாப்பான வழியில் செல்பவன் கேலிக்கு ஆளாகும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

சிறு படகுக்கு வந்த சிக்கல்

பெருங்கப்பல்களின் காலம் முடிந்து, ஒருவரோ இருவரோ செலுத்தும் சிறிய பாய்ப்படகுகள் பெருங்கடலில் இறங்கியபோது புதிய சிக்கல் எழுந்தது.

அமெரிக்கரான ஜோஷுவா ஸ்லோகம் 1895ஆம் ஆண்டு ஏப்ரலில் பாஸ்டன் நகரிலிருந்து ‘ஸ்ப்ரே’ என்னும் சுமார் 11 மீட்டர் நீளமுள்ள படகில் தன்னந்தனியாகப் புறப்பட்டு, 1898 ஜூன் மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார். தனியொருவர் உலகைப் பாய்ப்படகில் சுற்றியது அதுவே முதன்முறை. 1897 ஜூலையில் அவர் இந்தியப் பெருங்கடலில், இன்றும் மலாய் முஸ்லிம்கள் வாழும் கோகோஸ் கீலிங் தீவுகளை நோக்கி வந்தார். தாழ்ந்த பவளத்தீவாகிய அது படகின் தளத்திலிருந்து எளிதில் தென்படாது. ஸ்லோகம் பாய்மரத்தில் பாதி உயரம் தொற்றி ஏறிப் பார்த்தபோது, கடலுக்குள்ளிருந்தே முளைத்தாற்போல் தென்னை மரங்கள் தெரிந்தன. இருபத்துமூன்று நாள் கடற்பயணத்தின் முடிவை அவருக்குக் காட்டியது அந்த ஏற்றமே. அன்று அவர் கை வழுக்கியிருந்தால் ஓடிவந்து தூக்க ஒருவரும் இல்லை. அவருக்கு நீந்தவும் தெரியாது.

சிறு படகின் பாய்மரத்தில் கயிற்றேணி கட்டினால் அதன் எடையும், அது காற்றைத் தடுக்கும் தடையும் படகைச் சாய்க்கும், ஓட்டத்தைக் குறைக்கும். ஆதலால் பெரும்பாலான சிறு படகுகளில் ஏணி இருப்பதில்லை. மரத்துக்குப் பதில் வழவழப்பான அலுமினியக் குழாய்களும், கயிற்றுக்குப் பதில் மெல்லிய எஃகுக் கம்பிகளும் வந்தபின் பற்றிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஏறாமலும் இருக்க முடியாது. உச்சியிலுள்ள விளக்கு அணையும், கப்பி சிக்கும், பாயை உயர்த்தும் கயிறு நழுவி உச்சிக்கே சென்றுவிடும், கம்பியின் இழை ஒன்று அறுந்திருக்கும். அதைக் காணாமல் விட்டால் மரமே ஒருநாள் முறிந்து விழும்.

இதிலுள்ள ஆபத்தைச் சிறு கணக்கால் விளக்கலாம். பாய்மரம் 12 மீட்டர் உயரம் என்று கொள்வோம். அலையில் படகு இருபுறமும் 20 பாகை சாய்ந்தாடினால், கீழே நிற்பவருக்கு அது தள்ளாட்டம். உச்சியில் இருப்பவரோ ஒவ்வொரு புறமும் ஏறத்தாழ 4 மீட்டர், ஆக 8 மீட்டர் தொலைவு வானில் வீசப்படுகிறார். சில விநாடிகளுக்கொருமுறை இது நிகழும். பிடி தவறினால் ஏறத்தாழ ஒன்றரை விநாடியில் தளத்தை அடைவார். அப்போது வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். எச்சரிக்கைக் குரல் எழுப்பவும் அந்த நேரம் போதாது.

ஊஞ்சற்பலகை

இச்சிக்கலுக்குக் கடலோடிகள் பழைய கப்பல்களிலிருந்தே விடை எடுத்தனர். பெருங்கப்பல்களில் மரத்துக்கு எண்ணெய் பூசவும் வண்ணம் அடிக்கவும் பயன்பட்ட ஊஞ்சற்பலகை ஒன்று இருந்தது. கப்பலோட்டிகளின் மேற்பார்வையாளராகிய போசனின் பெயரால் அதை ‘போசன் சேர்’ என்பர். நான்கு மூலையிலும் துளையிட்ட ஒரு பலகை, துளைகளின் வழியே பலகையின் அடியில் குறுக்காகச் செல்லும் கயிறு, அவ்வளவே. கயிறு அடியில் குறுக்காகச் செல்வதற்குக் காரணம் உண்டு. பலகையே பிளந்துபோனாலும் அமர்ந்திருப்பவரைக் கயிறு தாங்கும்.

பாயை உயர்த்தும் கயிற்றில் இப்பலகையைக் கட்டி, கீழே நிற்பவர் வின்ச் என்னும் உருளையில் கயிற்றைச் சுற்றி இழுக்க, அமர்ந்திருப்பவர் உயர்கிறார். கேட்பதற்கு எளிது. இதைச் சுற்றி எழுந்த விதிகள் ஒவ்வொன்றின் பின்னும் யாரோ ஒருவர் விழுந்திருக்கிறார் என்று அந்த இளைஞர் நம்மிடம் கூறினார். அவற்றுள் முதன்மையானவற்றை எழுதுகிறோம்.

கயிற்றை உடனே கழன்றுவிடும் கொக்கியால் மாட்டலாகாது, முடிச்சிட்டுக் கட்டவேண்டும். கொக்கி எதிலேனும் உரசித் திறந்துகொள்ளும். நல்ல முடிச்சு பாரம் ஏற ஏற இறுகும். உச்சியில் வெளியே தொங்கும் கப்பியை நம்பாமல், மரத்தின் தலைக்குள்ளேயே பதிந்த கப்பியில் ஓடும் கயிற்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். தளத்திலிருந்து ஒரு முழ உயரம் ஏறியதும் நின்று, உடலின் முழு எடையையும் பலமுறை அழுத்திச் சோதிக்கவேண்டும். இரண்டாவது கயிறு ஒன்றை, முதற்கயிற்றோடு தொடர்பில்லாத வேறு கப்பியின் வழியே, தனியாக உடலில் கட்டவேண்டும். பலகை கழன்றாலும் மனிதன் விழாதிருக்க உடலையே பற்றிக்கொள்ளும் ‘ஹார்னஸ்’ என்னும் வார்ப்பட்டை அணியவேண்டும். மரத்தில் மோதினால் தலை காக்கத் தலைக்கவசம் வேண்டும். எடுத்துச் செல்லும் கருவி ஒவ்வொன்றும் சிறு கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்கவேண்டும். மரத்தினடியில் ஒருவரும் நிற்கலாகாது. உச்சியிலிருந்து நழுவும் சிறு திருகாணியும் கீழே நிற்பவரின் மண்டையை உடைக்கும்.

கீழே நிற்பவருக்குரிய விதிகள் இவற்றினும் கடுமையானவை. அவர் கயிற்றை உருளையில் பலமுறை சுற்றியிருக்கவேண்டும். கையை விட்டு எடுக்கலாகாது. மேலே உள்ளவர் வேலை செய்யும் நேரத்தில் கயிற்றை முளையில் உறுதியாகக் கட்டிவிட்டு, அதன் அருகிலேயே இருக்கவேண்டும். தொலைபேசியை எடுப்பதும், அயலவரோடு பேசுவதும், தேநீருக்குச் செல்வதும் கூடா. இறக்கும்போது அவசரம் ஆகாது. கையளவு கையளவாகக் கயிற்றை நெகிழ்த்தவேண்டும். மின்சார வின்சால் மனிதனை ஏற்றுவதை அனுபவமிக்கோர் விரும்புவதில்லை. கப்பியில் உடல் சிக்கினாலும் இயந்திரம் உணராமல் இழுத்துக்கொண்டே இருக்கும். மனிதக் கையோ தடையை உணர்ந்து நின்றுவிடும்.

தனித்துச் செல்பவர் கண்ட வழி

கயிறு பிடிக்கக் கீழே ஒருவரும் இல்லாத தனிப்பயணி என்ன செய்வார்? தொடக்கத்தில் அவர்கள் பல கப்பிகளைக் கோத்த கயிற்றால் தம்மைத் தாமே இழுத்துக்கொண்டனர். உடலின் எடை நான்கில் ஒரு பங்காகத் தெரியும். ஆனால் மரத்தின் உயரத்தைப்போல் பல மடங்கு கயிறு வேண்டும். சிலர் மரத்திலேயே உலோகப் படிகளைப் பதித்தனர்.

சிறந்த வழி மலையேறுவோரிடமிருந்து வந்தது. 1931இல் ஆஸ்திரிய நாட்டு மலையேற்ற வீரர் கார்ல் புரூசிக் ஒரு முடிச்சை எல்லாரும் அறியச் செய்தார். தடித்த கயிற்றின்மேல் மெல்லிய கயிற்றை வளையமாகச் சுற்றினால், பாரமில்லாதபோது அது மேலே நகரும். பாரம் ஏறியதும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். 1958இல் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த இருவர் அதே வேலையைச் செய்யும் உலோகப் பிடிக்கருவியை உருவாக்கினர். தங்கள் பெயர்களின் முற்பகுதிகளை இணைத்து அதற்கு ‘ஜூமார்’ என்று பெயரிட்டனர். உச்சியிலிருந்து இழுத்துக் கட்டிய கயிற்றில் இரு பிடிக்கருவிகளைப் பூட்டி, ஒன்றில் உடலையும் மற்றொன்றில் காலையும் இணைத்து, மாறி மாறி நகர்த்தினால் ஒருவர் தாமே ஏறமுடியும். எந்த நொடியிலும் ஒரு பிடியாவது உடலைத் தாங்கிக்கொண்டிருக்கும். மலையில் பிறந்த அறிவு இவ்வாறு கடலுக்கு வந்தது.

அதுவும் எளிதன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த எலன் மெக்ஆர்தர் என்னும் பெண்மணி 2004-05இல் 75 அடி நீளமுள்ள பாய்ப்படகில் தனியாக உலகைச் சுற்றிவந்தார். பயணத்தின் பிற்பகுதியில், பெரிய பாயின் தலைப்பகுதி மரத்தோடு இணையும் இடத்தில் பழுது ஏற்பட, ஏறத்தாழ முப்பது மீட்டர் மரத்தில் தாமே ஏறிச் சரிசெய்தார். உடலெங்கும் கன்றிப்போய் இறங்கினார். 2005 பிப்ரவரி 7ஆம் நாள் 71 நாள் 14 மணி நேரத்தில் பயணத்தை முடித்து அன்றைய உலகச் சாதனையைப் படைத்தார்.

சுஹைலியும் துரியாவும்

நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடைய வரலாறு ஒன்றும் உண்டு. 1960களில் மும்பையில் தேக்கு மரத்தால் 32 அடி நீளமுள்ள பாய்ப்படகு ஒன்று கட்டப்பட்டது. அதன் பெயர் சுஹைலி. வளைகுடாவின் தென்கிழக்குக் காற்றுக்கு அரபு மாலுமிகள் வழங்கிய பெயர் அது. சுஹைல் என்பது நாம் அகத்திய மீன் என்று வழங்கும் தென்வானத்து விண்மீன். அரபு மாலுமிகளின் வழிகாட்டி. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கில மாலுமி இப்படகில் 1968 ஜூன் 14ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபால்மத் துறையிலிருந்து புறப்பட்டு, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி 1969 ஏப்ரல் 22ஆம் நாள் அதே துறைக்குத் திரும்பினார். போட்டியில் புறப்பட்ட ஒன்பது பேரில் பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே. தமக்குக் கிடைத்த ஐயாயிரம் பவுண்டு பரிசை, அப்போட்டியில் உயிரிழந்த சக போட்டியாளரின் குடும்பத்துக்கு அவர் அளித்துவிட்டார்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2018இல் அப்போட்டி மீண்டும் நடந்தது. இந்தியக் கடற்படையின் கமாண்டர் அபிலாஷ் டோமி, சுஹைலியைப் பார்த்துக் கோவாவில் கட்டப்பட்ட ‘துரியா’ என்னும் படகில் கலந்துகொண்டார். தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் என்னும் பெருமையை அவர் 2013இலேயே பெற்றிருந்தார். 2018 செப்டம்பர் 21ஆம் நாள், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசிய கடும்புயலில் துரியா கவிழ்ந்துருண்டது. படகு நிமிர்ந்தபோது தாம் பாய்மரத்தின் உயரத்தில் இருந்ததாகவும், அங்கிருந்து விழுந்ததாகவும் அவர் பின்னர் கூறியிருக்கிறார். முதுகெலும்பு முறிந்தது. பாய்மரமும் முறிந்தது. எழுந்து நடக்க இயலாமல் படுத்த நிலையில் செய்தி அனுப்பினார்.

உயரத்திலிருந்து விழுவது எத்துணைத் தேர்ந்த மாலுமியையும் ஒரு நொடியில் என்ன செய்துவிடும் என்பதற்கு இது சான்று. ஆயினும் அடுத்து நடந்ததையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். அதே புயலில் அயர்லாந்து நாட்டு கிரெகோர் மெக்கக்கின் என்னும் போட்டியாளரும் தம் பாய்மரங்களை இழந்திருந்தார். அவர் கையில் கிடைத்ததைக் கொண்டு தற்காலிக மரம் நட்டு, டோமி இருந்த திசை நோக்கித் தம் படகைத் திருப்பினார். இந்தியக் கடற்படை விமானம் வந்து துரியாவைக் கண்டது. ஆஸ்திரேலிய மீட்பு மையம் பணிகளை ஒருங்கிணைத்தது. செப்டம்பர் 24ஆம் நாள் பிரெஞ்சுக் கப்பலான ‘ஓசிரிஸ்’ டோமியைத் தூக்கி எடுத்தது. அவரைக் கண்டிராத பலரும் தொலைவிலிருந்து ஒரு கயிற்றைப் பிடித்து நின்றதாகவே நமக்குத் தோன்றுகிறது. அறுவைச் சிகிச்சைக்குப்பின் மீண்டும் நடக்கப் பழகிய அவர், 2022இல் தொடங்கிய அதே போட்டியில் மறுபடியும் கலந்துகொண்டு, 2023 ஏப்ரல் 29ஆம் நாள் இரண்டாமவராகக் கரை சேர்ந்தார்.

அண்மையில் இந்தியக் கடற்படையின் பெண் அதிகாரிகள் இருவர், கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும், ‘தாரிணி’ என்னும் 56 அடிப் பாய்ப்படகில் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29ஆம் நாள் திரும்பினர். அந்த எட்டு மாத காலத்தில் படகில் இருந்தவர் இருவரே. அத்தகைய படகில் ஒருவர் உயரே சென்றால் கீழே நிற்கக்கூடியவர் மற்றவர் மட்டுமே. ஒருவருடைய உயிர் மற்றவருடைய கையில் இருக்கிறது என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் வேறு யார்?

நம் மினாராவுக்கு வருவோம்

இவ்வளவு நெடிய வரலாற்றைப் படித்தபின் நமக்கு விளங்கிய உண்மை ஒன்றுண்டு. மரம் ஏறும் திறமை பழங்காலத்திலேயே முழுமை பெற்றுவிட்டது. வெறுங்காலுடன் குறுக்குமரத்தில் ஏறிய அரபு மாலுமியைவிடத் திறமையாக ஏறுபவர் இன்றும் இலர். காலந்தோறும் வளர்ந்தது, விழுபவனைத் தாங்கும் ஏற்பாடும் கீழே நிற்பவரின் பொறுப்புணர்வுமே ஆகும். ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியை அறியாதவர் நம் ஜமாஅத்தில் இல்லை. அதை நாமே பலமுறை மிம்பரிலிருந்து சொல்லியிருக்கிறோம். சொல்லிவிட்டு, குழாயில் கட்டிய கயிற்றை நிமிர்ந்தும் பாராமல் ஹவுழின் ஓரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். இதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

அன்று மினாராவில் இருந்த தொழிலாளி வேறு மஹல்லாவைச் சேர்ந்தவர், வேறு சமயத்தவர். அவருக்கு மூன்று பிள்ளைகள் என்பதை வாளி விழுந்த பின்னரே கேட்டு அறிந்தோம். நம் பள்ளிவாசலின் அழகுக்காக உயரே ஏறும் ஒருவருடைய உயிர், அவர் இறங்கும்வரை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கூலி கொடுப்பதோடு அக்கடமை தீர்ந்துவிடாது.

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கும் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். மினாராவின் மேல் மாடத்தில் கயிறு கட்டுவதற்கென்றே காங்கிரீட்டில் பதித்த உறுதியான இரும்பு வளையங்கள் இரண்டு அமைக்கப்படவேண்டும். ஒலிபெருக்கிக் குழாயிலோ, மின்கம்பிக் குழாயிலோ, கைப்பிடிச் சுவரிலோ எவரும் கயிறு கட்டலாகாது. உடற்பட்டையும் தலைக்கவசமும் இரண்டு நல்ல கயிறுகளும் பள்ளிவாசலின் சொந்தப் பொருளாக வாங்கி வைக்கப்படவேண்டும். ஆண்டுக்கொருமுறை சோதித்து, நைந்தவற்றை வெட்டி எறிந்துவிடவேண்டும். வெயிலும் மழையும் பட்ட கயிறு பார்வைக்கு நன்றாயிருந்தும் உள்ளே செத்திருக்கும். மழையோ பலத்த காற்றோ இருக்கும் நாளில் ரமழான் நாளையே பிறப்பதாயினும் வேலையை நிறுத்தவேண்டும். பணி நடக்கும்போது கீழே கயிறு கட்டி வழி மறிக்கவேண்டும். மத்ரஸா பிள்ளைகள் அப்பக்கம் வரலாகாது. இவை அனைத்திற்கும் மேலாக, ஒருவர் உயரே இருக்கும் நேரம் முழுவதும் கீழே ஒருவர், வேறெந்த வேலையுமின்றி, அவரையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

அப்படி நிற்பதற்கு ஆள் இல்லை என்று யாரேனும் சொன்னால், முதல் பெயராக நம் பெயரை எழுதிக்கொள்ளுமாறு முத்தவல்லி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இன்ஷா அல்லாஹ், வரும் ஷஃபானில் அந்த இடத்தில் நாமே நிற்போம்.

வஸ்ஸலாம்.